பல் வைத்தியரிடம் மூன்றாம் முறை

இந்த மாதத்தில் மூன்று தடவை
எனக்குப் பல்வலி வந்துவிட்டது.

முதல் தடவை தொலைபேசியில்,
கார் நிறுத்துமிடத்தில், எஞ்சினை அணைக்காமல்.
இரண்டாம் தடவை போர்டேஜ் அவெனியூ, பன்னிரண்டாம் மாடி.
மூன்று பேர், ஒரு குடுவை தண்ணீர்.
ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்றார்கள்.
நாலரை மணி பஸ்ஸில் என்று
வாய்வரை வந்தது.
மூன்றாவது நாளைக்கு, பத்தரைக்கு.

வின்னிபெக்கில் பெப்ரவரி
பொய்க்குத் தோதான மாதம்.
முழங்கால்வரை தொங்கும் குளிரங்கிக்குள்
இஸ்திரி போட்ட சட்டை இருப்பது
எவருக்கும் தெரியாது.
சப்பாத்தை மட்டும் பையில் ஒளித்தால் போதும்.

மார்லீனுக்குத் தெரியாது.
அல்லது தெரியும்.
மூக்குக்கண்ணாடி வில்லைகளை விளக்குக்கு நேரே பிடித்து
மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற கண் அது.

"சொல்லிப்போட்டு அங்க கிடைக்காட்டி?
இருக்கிறதும் போச்சு.
கடிதம் கையில வரட்டும், பிறகு கதை" என்கிறார் வாகீசன்.
அவர் சொல்வது கணக்கு.
ஆகஸ்டில் வீட்டுக்கடன் புதுப்பிக்க வேண்டும்,
கணக்கில் பிழையில்லை.

ரொவீனா க்ளென்னின் கதையை ஞாபகப்படுத்தினாள்.
நேர்மையாக இருக்கப்போகிறேன் என்று
திங்கட்கிழமை சொன்னான்.
வெள்ளிக்கிழமை அவனுடைய அலுமாரியில்
பூட்டுக்கூட இல்லை.
அது மேலிடம் செய்தது, மார்லீன் இல்லை என்றேன்.
மார்லீனுக்கும் மேலிடம் இருக்குத்தானே என்றாள்,
தட்டிலிருந்து தலை நிமிராமல்.

எல்லாம் சரி.
ஆனால் ஏப்ரலில் புது இயந்திரம் வருகிறது.
மினியாபொலிஸில் இரண்டு வாரப் பயிற்சி.
ஒரே ஒரு இடம், அதில் என் பெயர்.
ஜஸ்ப்ரீத் கேட்டுப் பார்த்தான்,
அடுத்த முறை என்றுவிட்டாள்.
நான் வாயைத் திறந்தால் அவன் போவான்.
திறக்காவிட்டால் நான் போய்
கற்றதைச் சுருட்டிக்கொண்டு மேயில் நடையைக் கட்டுவேன்.

இன்னுமொன்று.
சேர்ந்த முதல் மாதம், நாற்பது வில்லைகளோடு
ஒரு தட்டைக் கீழே போட்டேன்.
அறிக்கையில் மார்லீன் எழுதினாள்:
இயந்திரக் கோளாறு.
அதைப் பற்றி ஆறு வருடமாய்
அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
அவள் எனக்காகச் சொன்ன பொய் ஒன்று.
நான் அவளிடம் சொன்னது மூன்று.

நாளைக்கு அனுப்ப வேண்டிய படிவத்தில்
எல்லாம் நிரப்பிவிட்டேன்.
தற்போதைய மேலாளரைத் தொடர்புகொள்ளலாமா,
ஆம், இல்லை,
இரண்டு சின்னப் பெட்டி மட்டும் பாக்கி.
பேனையை வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டேன்.
திரும்பி வந்தேன், அப்படியே இருந்தது.

இன்று மத்தியானம்
மேசையில் ஒரு மார்ஜரீன் டப்பா.
மூடியில் ஒட்டுநாடா, அதில் 'ப்ரின்' என்று.
பிருந்தாஜினியின் முன்பாதியோடு
அவள் எப்போதோ நின்றுவிட்டாள்.
உள்ளே உருளைக்கிழங்கு சூப்,
கடிக்க ஒன்றும் இல்லாதபடி
நன்றாக மசித்தது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை
என்று படித்து வளர்ந்தவள் நான்.
சூப்பில் உப்பே இல்லை.
ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது.
பிறகு அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்க்கிறாள் என்று
இடப்பக்கமாக மட்டும் மென்றேன்,
மெல்ல எதுவுமில்லாத சூப்பை.

கழுவும் தொட்டியடியில் வந்து நின்றாள்.
எந்தப் பக்கம் வலிக்குது?
வலப்பக்கம்.
போன கிழமை இடப்பக்கம் என்றாயே.
வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது.
விளக்குக்கு நேரே பிடித்தாற்போல்
ஒரு பார்வை.
பிறகு, கீறல் இல்லாத வில்லையை வைப்பதுபோல
என்னை அப்படியே வைத்துவிட்டு
"பத்தரைக்குத்தானே? வெள்ளனப் போ,
வழியெல்லாம் பனி" என்றாள்.

பத்தரை என்று நான் சொன்னேனா?
சொல்லியிருப்பேன்.

டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.
வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம்
எங்களிடம் இல்லை.
மணி பதினொன்று.
வாகீசன் நித்திரை.
குசினி விளக்கின் கீழே மூடியைத் திறந்து வைத்து
என்ன போட்டுக் கொடுப்பதென்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.