மூன்றாவது மேசை

செக்காலை ரோட்டில்
தையல் கடை மாடியில்
சனிக்கிழமை ராத்திரி மூன்று மேசை.
கையில் இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து.
காசுக்குப் பதில் பொத்தான்.
வெள்ளைச் சட்டைப் பொத்தான் பத்து ரூபாய்,
நீலம் ஐம்பது,
கோட்டுக்குத் தைக்கிற கறுப்பு
ஐந்நூறு.

பகலில் நான் ரத்தம் எடுக்கிறவன்.
முதல் மேசை ஏகப்பனுக்கு
வெறும் வயிற்றில் சர்க்கரை
இருநூற்றுப் பன்னிரண்டு என்று தெரியும்.
கையில் என்ன சீட்டு என்றுதான் தெரியாது.
பதினோரு மாதம் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.
ஏசி அங்கேதான் இருந்தது.

நல்ல சீட்டு வந்தால்
ஒரு கை நிறைய அள்ளி வைப்பேன்.
எல்லாரும் கவிழ்த்துவிட்டு
டீ சொல்லப் போய்விடுவார்கள்.
சுமாரான சீட்டு வந்தால்
உண்டியலில் போடுவதுபோல்
ஒன்று, இரண்டு.
அப்போது மட்டும் ஏகப்பன்
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வார்.

இருபத்தாறாயிரம் போன பிறகு
லேப் ரசீதின் பின்பக்கம் எழுதத் தொடங்கினேன்.
என்ன சீட்டு, எவ்வளவு வைத்தேன்,
வலப்பக்கம் யார், மணி என்ன.
ஆறு வாரத்தில்
என் ரத்த ரிப்போர்ட் மாதிரியே இருந்தது அது.
ஏறவேண்டியது இறங்கி,
இறங்கவேண்டியது ஏறி.
சீட்டில் மட்டும் ஒரு கோளாறும் இல்லை.

கையைப் பழக்கினேன்.
ராஜா ஜோடியோ
ஒன்றுக்கும் ஆகாத ஏழும் மூன்றுமோ,
வைப்பதென்றால் நடுவில் கிடப்பதில் பாதி.
அதே பாதி, அதே விரல், அதே வேகம்.
பத்தில் ஏழு தடவை
வைப்பதே இல்லை.
கவிழ்ப்பதற்குக் காசு கிடையாது என்பதை
இந்தக் கை நம்புவதற்கே
ஒரு மாசம் ஆயிற்று.

பிறகு நாற்காலி.
அதுதான் கஷ்டமாக இருந்தது.
ஏசியை விட்டு எழுந்திருக்க
இவரை என்னால் ஜெயிக்க முடியாது என்று
மனசுக்குள்ளாவது ஒருமுறை
சொல்லவேண்டியிருந்தது.

மூன்றாவது மேசை ஜன்னலோரம்.
கீழே புரோட்டாக் கல்லின் புகை நேரே மூக்குக்கு வரும்.
அங்கே பள்ளத்தூர் அடைக்கப்பன்.
எந்தச் சீட்டையும் விட மனசு வராது அவருக்கு,
விருந்தில் இலையை மூட மறந்தவர் மாதிரி.
அவருக்கு இடப்பக்கம் இடம் பிடித்தேன்.
அவர் பேசி முடித்த பிறகு என் முறை.
நாலு சனிக்கிழமையில்
பதினெட்டாயிரம் திரும்பி வந்தது.
ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

ஐந்தாம் சனிக்கிழமை காலை
மனைவியின் ரிப்போர்ட்டை வாங்கிப் போக வந்தார்.
கிரியாட்டினின் எட்டு புள்ளி நான்கு.
டைப் அடித்தது நான்.
உறையை நீட்டினேன்.
எழுபது ரூபாய் பாக்கிச் சில்லறையை
வாங்காமல் போனார்.

அன்று ராத்திரியும் வந்தார்.
ஏசியை விட்டு ஏகப்பனும் வந்து
எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார்.
அடைக்கப்பனுக்காக வந்திருக்கிறார்
என்றுதான் நினைத்தேன்.

பன்னிரண்டரை மணிக்கு
கையில் ஜாக்கி ஜோடி,
நடுவில் இன்னொரு ஜாக்கி.
அடைக்கப்பன் சீட்டைப் பார்க்கவே இல்லை.
இருந்த பொத்தானையெல்லாம்
புறங்கையால் நடுவே தள்ளினார்.
கறுப்பு மட்டும் பதினாறு.

என் முறை.
எட்டு புள்ளி நான்கு.
கவிழ்த்தேன்.

அப்புறம் ஏகப்பனின் முறை.
நிதானமாக எண்ணி
அதே அளவு வைத்தார்.
அவரிடம் ராணி ஜோடி.
நான் விட்டுக்கொடுத்தது
வலப்பக்கம் போகவில்லை,
இடப்பக்கம் போயிற்று.
பொத்தான்களை நிறம் பிரித்து அடுக்கியபடி
"நல்ல சீட்டு போலயே?" என்றார்,
என்னைப் பார்க்காமல்.
அவரும் ஒரு ரசீதின் பின்னால்
ஏதோ எழுதி வைத்திருப்பார்.
என் லேப் ரசீதாகவே இருக்கும்.

அடைக்கப்பனின் எழுபது ரூபாய்
மேசை டிராயரில் கிடக்கிறது.

வரும் சனிக்கிழமை இரண்டாவது மேசை.
மின்விசிறி இரைச்சல், சுமாரான ஆட்டம்,
பெரிதாக ஒன்றும் தேறாது.
அங்கே இருப்பவர்கள் யாரும்
இதுவரை என்னிடம் கையை நீட்டி
முஷ்டியை மடக்கியதில்லை.