ஒரு வரி இடம்

வட்டவளைக்கும் கினிகத்தேனைக்கும் நடுவில்
மழை ஓயாத வளைவு ஒன்று.
அங்கே ஒரு பஸ் தரிப்பிடம்:
நாலு தூண், நீலத் தகரம், சீமெந்து வாங்கு.
கட்டியவன் நான்.
பதினொரு மூட்டை சீமெந்து, ஒரு டிரக்டர் ஆற்று மணல்.
கூலியை ஹீன் பண்டா மூன்று தரம் எண்ணித் தந்தார்.
மகனுக்காக ஆமி கொடுத்த சல்லி.
எண்ண எண்ணக் குறையட்டும் என்பது போல எண்ணினார்.

ஜயலால்,
பள்ளி லீவுக்கு என்னிடம் கலவை குழைக்க வருவான்.
தண்ணீரை எப்போதும் கூட ஊற்றிவிடுவான்.
"பாஸ் உன்னே, பாயசம்!" என்று சிரிப்பான்.
கெட்ட வார்த்தை நாலும்
நல்ல வார்த்தை ஒன்றும் என்னிடம் படித்தான்.
நல்லது: போயிட்டு வாறேன்.
போறேன் என்று மட்டும் சொல்லாதே என்றேன்.
ஏன் என்றான்.
கலவை காயுது, வேலையைப் பார் என்றேன்.

கடைசி லீவு முடிந்து, கொமாண்டோ தொப்பியோடு
இதே வளைவில்தான் பஸ் ஏறினான்.
மிதிபலகையில் தொங்கிக்கொண்டு
"போயிட்டு வாறேன்" என்று கத்தினான்.
உள்ளே இருந்த எங்கள் ஆட்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்,
அந்தச் சட்டைக்குள்ளிருந்து
அந்தச் சொல் வந்ததற்கு.

பிறகு ஓர் இரவு.
களப்பைக் கடந்து றப்பர் படகில் பதினாலு பேர்
பீரங்கிக்கு வெடி வைக்கப் போனார்கள்.
வைத்தார்கள்.
திரும்பியது ஒன்பது.
தகப்பனுக்குச் சொன்னது இவ்வளவுதான்.
பெட்டியைத் திறக்க வேண்டாம் என்பதையும் சேர்த்து.

அந்தப் பீரங்கிக்கு அரை மைல் தள்ளி
என் அக்கா பூவாயி இருந்தாள்.
எழுபத்தேழில் லயம் எரிந்த பிறகு
புருசனோடு வன்னிக்குப் போனவள்.
கூரைத் தகரம் பறந்ததை, பங்கருக்குள்
பிள்ளையின் வாயைப் பொத்திக் கிடந்ததை
பத்து வருசம் கழித்து போனில் சொன்னாள்.
தேதியும் சொன்னாள்.
லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.
ஹீன் பண்டாவிடம் இதைச் சொன்னதில்லை.
வடக்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்று
அவரும் கேட்டதில்லை.

சிங்களக் கல் கண்டியில் வெட்டி வந்தது.
கீழே தமிழிலும் போடு என்றார் அவர்,
மழைக்கு ஒதுங்கப் போவது உங்கள் ஆட்கள்தானே.
ஈரச் சீமெந்தில் ஆணியால் பேரை எழுதினேன்.
இரண்டு ஆண்டுகளை எழுதினேன்.
அதற்குப் பிறகு கை ஓடவில்லை.
வீரச்சாவு. அதை அந்தப் பக்கம் எடுத்துக்கொண்டார்கள்.
உயிர்த்தியாகம், இந்தப் பக்கத்து ரேடியோவில்
தேய்ந்து வழுக்கிப்போன சொல்.
பலி என்பது பேப்பர்க்காரன் எழுதுவது,
கோயில் ஆட்டுக்கும் அதுதான்.
கொல்லப்பட்டார் என்றால், யாரால் என்று
வாங்கில் இருக்கிற எல்லாரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.
காலமானார்? இருபத்துமூன்று வயதுக்கு
தோளில் நிற்காத சட்டை அது.
சீமெந்து இறுகத் தொடங்கியது.
மட்டப்பலகையை இழுத்து
ஒரு வரி இடத்தைச் சும்மா பூசி விட்டேன்.

ஹீன் பண்டா விரலால் தடவிப் பார்த்தார்.
இங்கே என்ன, பாஸ்?
இன்னும் யோசிக்கிறேன்.
சரி, அவசரமில்லை என்றார்.

அவரும் போய்ச் சேர்ந்து ஆறு வருசம்.
அந்த இடத்தில் இப்போது
தேர்தலுக்குத் தேர்தல் ஒரு மூஞ்சி.
மற்ற நாளில் சாதாரண தரக் கணித வகுப்பு, சனி ஞாயிறு.
கரண்டியோடு போய்ச் சுரண்டுவேன்.
நேற்றும் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் மூன்று பேர்
தலைப் படங்கைப் பிழிந்தபடி வாங்கில் இருந்தார்கள்.
ஒருத்தி கேட்டாள்:
ஜயலால் ஹோல்ட், ஜயலால் ஹோல்ட் என்கிறோமே,
யாரண்ணே அது?

கலவைக்குத் தண்ணீர் கூட ஊற்றுகிறவன் என்றேன்.

அட்டன் பஸ் வந்தது.
மிதிபலகை வரை ஆள்.
நிற்காமல் போனது.
சாரல் உள்ளே அடித்தது, அவர்கள் நகர்ந்து
எனக்கும் கொஞ்சம் இடம் விட்டார்கள்.