ஏழாம் படியில் ஒரு வளையம்

"ஆறு எங்கம்மா?" என்று கேட்டாள் பூவிழி
சந்தைக்குப் பின்னால் திரும்பியதும்.
ஆற்றங்கரையில் ஒரு நடை என்றுதான்
வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன்.
கொழுந்தனைக் கிளப்புவதற்குச் சொன்ன பொய்.

தேவகோட்டையில் எங்களுக்கு வாய்த்தது
ஒரு வரத்துக்கால்.
லேத் பட்டறை, பூட்டிய சினிமாக் கொட்டகை,
கார் கழுவுகிற இடம்,
எல்லாவற்றின் முதுகையும் உரசிக்கொண்டு
ஊரணி வரைக்கும் போகும்.
கார்த்திகையில் நாலைந்து நாள் தண்ணீர்,
மிச்ச நாளெல்லாம் ஆடு.

இன்று தண்ணீர்.
முழங்கால் ஆழம், கடைத் தேநீரின் நிறம்.
ஒரு ரப்பர் செருப்பு, இடது கால்,
எங்களை முந்திக்கொண்டு போனது.

முன்னால் இவர்.
டாக்டர் சொன்ன சர்க்கரைக்காக
மணிக்கட்டில் ஒரு கடிகாரம் காலடி எண்ணுகிறது.
"மூவாயிரத்து நூறு" என்றார் பாலத்தடியில்,
யாரும் கேட்கவில்லை.
நடுவில் தயிர்சோற்றுத் தூக்கோடு நான்.
பின்னால், பேச்சு எட்டாத தூரத்தில்
வயிரவன்.

ஆறு வாரமாகிறது அவன் வந்து.
பதினோரு வருஷம்
கப்பல் கரை சேரும்போது
வடக்கயிறு வாங்கிக் கட்டியவன்.
எந்தத் துறைமுகம் என்று இப்போது சொல்வதில்லை.
கயிறு அறுந்து வீசியது என்கிறார்கள்.
பக்கத்தில் நின்ற பையனுக்கு
இருபத்திரண்டு வயது என்கிறார்கள்.
இவன் வாயிலிருந்து நாங்கள் கேட்டது
"போதும் அண்ணி."
சோற்றுக்கும் அதுதான், குழம்புக்கும் அதுதான்.

ஊரணியில் ஏழாம் படிவரை தண்ணீர்.
செம்புறாங்கல் நனைந்து
புதிதாய் அறுத்த மாதிரி இருந்தது.
கால் நனைக்கப் போனவள்தான் கண்டாள்,
பக்கச் சுவரில் ஒரு கருங்கல்,
கல்லில் ஒரு இரும்பு வளையம்.
"மாடு கட்டுறதாப்பா?"
"தண்ணிக்குள்ள எவன்டி மாடு கட்டுவான்?"
"தெப்பம் கட்டுறது" என்றார்
சட்டை அலசிக்கொண்டிருந்த ஒருவர், நிமிராமல்.
"முத மரியாதை யாருக்குன்னு கேஸு.
தீர்ப்பும் வரல, தெப்பமும் வரல."

வயிரவன் இறங்கி வந்தது
எனக்குத் தெரியவில்லை.
வளையத்தின் முன் குந்தினான்.
கட்டைவிரலால் துருவைச் சுரண்டி
மோந்து பார்த்தான்.
பிறகு கேட்காமலே
அண்ணன் தோளில் கிடந்த துண்டை உருவி
நனைத்து, முறுக்கி,
ஒரு கண்ணி விட்டு, அதற்குள் நுழைத்து,
பின்னால் சுற்றி, வந்த வழியே இறக்கி,
இறுக்கினான். மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை.

"இழு" என்றான் பூவிழியிடம்.

படியில் பாதத்தை ஊன்றி இழுத்தாள்.
கல்லாக நின்றது முடிச்சு.
இவரும் சேர்ந்து இழுத்தார்.
இருவரும் பின்னுக்குச் சாய,
கடிகாரம் என்னவோ நினைத்துக்கொண்டு
விர்ரென்று அதிர்ந்தது.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவனைப் பார்த்து அடக்கினேன்.
அவன் சிரிக்கவில்லை.
முடிச்சின் முதுகில் விரலை வைத்துத் தள்ளினான்.
அவ்வளவுதான், துண்டு துண்டாயிற்று.

"எவ்வளவு இறுகினாலும்
அவுக்க வரணும் பாப்பா.
அன்னைக்கு அது..."

அதற்குமேல் இல்லை.
அலசுகிற சத்தமும் நின்றிருந்தது.
இவர் ஏதோ சொல்ல வாயெடுத்து,
அதற்குப் பதிலாக
தம்பிக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்,
வேட்டி நனைவது தெரிந்தே.
பூவிழி மட்டும் அந்த வளையத்தில்
கையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

தூக்கைத் திறந்தேன்.
மூன்றாவது கை போட்டபோதும்
அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன்.
"மாவடு இருக்கா அண்ணி?"

இருந்தது. என் பங்கையும் போட்டேன்.

"ஆத்தங்கரைன்னுல்ல போட்டிருந்தீங்க?"
என்றான், வடுவைக் கடித்தபடி.
"இதுதான்" என்றேன்.
தண்ணீரைப் பார்த்தான்,
அந்தச் செருப்பு சுற்றிக்கொண்டிருந்த இடத்தை.
"சரி" என்றான்.

திரும்பும்போது இவர் எண்ணிக்கை சொல்லவில்லை.
ஈரத் துண்டு அவன் கழுத்தில் கிடந்தது.