பகலில் தூங்கும் அறை

முதலில் பெட்டிகளை வெளியேற்ற வேண்டியிருந்தது.
பதினேழு பெட்டிகள். உடம்பு இளைக்க வைக்கும் கோப்பி.
ஜெலுத்தோங் முழுக்க விற்றுவிடுவேன் என்று
ஒரு காலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.
காலாவதித் தேதியை இவர் சத்தமாக வாசித்தார்,
ஒவ்வொரு பெட்டிக்கும்.
ஒன்று போதாதா?

வரப்போகிறவள் பெயர் யோகமலர்.
கூலிம் பக்கம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
இரவு வேலை.
மாதம் நானூற்றைம்பது வெள்ளி,
தண்ணீரும் கரண்டும் சேர்த்து.
"பகலில்தான் தூங்குவேன் அக்கா,
வெளிச்சம் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்."
கைப்பேசியில் அவ்வளவுதான் கேட்டாள்.

அது லேசான காரியமா,
ஐந்தாம் மாடியில், கடலைப் பார்த்த சன்னலில்?
லெபோ பாசாரில் கடைக்காரர்
துணியை விளக்குக்கு நேரே பிடித்தார்.
"பாருங்க, ஒரு பொட்டு தெரியுதா?"
தெரிந்தது. பொட்டளவு.
இரட்டை மடிப்பாகத் தைத்தேன்.

கட்டில், கெலுகோரில் வீடு மாறிப்போன சீனரிடம்
எழுபது வெள்ளி.
காலில் ஒரு திருகாணி குறைந்தது.
இவர் தன் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து
ஒன்றைக் கழற்றி முடுக்கினார்.
ஓடாத வண்டிக்கு எதற்கு என்றார்.
போன வாரம் வரை
ஓடும், ஓடும் என்று சண்டை போட்டவர்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாயத்தில் மூன்று நாள் போனது.
பச்சை என்றார். ஆஸ்பத்திரி மாதிரி என்றேன்.
அவள் இருட்டில்தானே இருக்கப்போகிறாள்
என்று தோன்றியபோது இருவருக்குமே சிரிப்பு.
ஆனாலும் இளமஞ்சள் அடித்தோம்,
இரண்டு பூச்சு.

எல்லாம் முடிந்த வியாழக்கிழமை பிற்பகல்
கதவைச் சாத்தி, திரையை இழுத்து,
காசு கொடுத்து வந்தவள் போல
அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன்.

விசிறி மூன்று சுற்றுக்கு ஒருமுறை தட்டுகிறது.
சரி, குறித்துக்கொண்டேன்.
கீழே பேப்பர் லாமா லாரி
ஒலிபெருக்கியோடு இரண்டு தடவை சுற்றுகிறது.
அதற்கு நான் என்ன செய்ய?
பிறகு, சுவருக்கு அப்பால், என் வீடு.

இருபத்தெட்டு வருஷம் அதற்குள்ளேயே இருந்ததில்
வெளியிலிருந்து எப்படிக் கேட்கும் என்று
தெரியாமல் போயிருந்தது.
ஒரு கரண்டி விழுந்தது. யாரும் திட்டவில்லை.
செய்திகள். குழாய்த் தண்ணீர்.
செருப்பு கூடத்துக்கும் அடுப்படிக்கும்
போய்ப் போய் வந்தது.
பிறகு இவர் குரல்:
"தேத்தண்ணி போடவா?"
கொஞ்ச நேரம்.
"சரி, அப்புறம் போடுறேன்."

நான் அங்கே இருப்பதாக நினைத்துக் கேட்ட கேள்வி.
என் பதிலையும் அவரே வைத்திருக்கிறார்.
எத்தனை நாளாக என்று
அந்த இருட்டில் கணக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஒரு பை, ஒரு சோற்றுப் பானை,
கழுத்தில் வேலை அட்டை.
கட்டிலைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள்.
"தப்பா நினைக்காதீங்க அக்கா" என்று
ஒற்றை ஆளாக அதை இழுத்து
எதிர்ச் சுவரோடு போட்டாள்.
எங்கள் கூடத்துச் சுவர்.
நான் பார்த்துப் பார்த்து வைத்த மேசை விளக்கு
இப்போது எதற்கும் எட்டாது.

காலை எட்டிலிருந்து மூன்று மணி வரை
எங்கள் தொலைக்காட்சிக்கு வாய் இல்லை.
ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானாலும்
எழுந்து வந்து, காதருகே குனிய வேண்டும்.
முட்டிவலிக்காரர்.
நேற்று அப்படி வந்து குனிந்தார்.
மீசை குத்தியது.
"தேத்தண்ணி போடவா?"
சீனி குறைத்து என்றேன்,
அவருக்கு மட்டும் கேட்கும்படி.

சுவருக்கு அந்தப் பக்கம் விசிறி,
மூன்று சுற்றுக்கு ஒரு தட்டு.
அதற்கு ஆள் சொல்ல வேண்டும்.