கொடுத்து எடுத்தது

எங்களுடையதே மாற்றுக் கல்யாணம்தான்.
அண்ணன் தீர்த்தகிரிக்கு இவர் தங்கை இந்திராணி,
இவருக்கு நான்.
மாரண்டஹள்ளியில் ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம்.
முன்னே பின்னே தாலி ஏறினால்
வாங்கிக்கொண்ட வீடு எழுந்து போய்விடும் என்று
இரண்டுக்கும் சேர்த்தே கெட்டிமேளம் அடித்தார்கள்.

பத்தில் எட்டுப் பொருத்தம் இருந்தது.
ரத்தத்தை யாரும் கேட்கவில்லை.
இவர் பி. நான் ஏ.
பத்தொன்பது வருஷம் கழித்து
தருமபுரி ஆஸ்பத்திரிச் சீட்டில் தெரிந்தது.

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கிய ஆள்
அரைச் சொம்புத் தண்ணீரை
பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றி
நாள் முழுக்க வைத்துக் குடித்தார்.

"உங்களுது நல்ல கிட்னிம்மா, அவருக்குத்தான் சேராது"
என்றாள் சேலத்தில் ஒரு பெண். கோஆர்டினேட்டராம்.
தாளில் நாலு புள்ளி வைத்து
குறுக்கே இரண்டு கோடு இழுத்தாள்.
தளிப் பக்கம் திம்மராயப்பா, அவர் சம்சாரம் கெம்பம்மா.
உங்களுது அந்தம்மாவுக்கு,
அவரோடது உங்க வீட்டுக்காரருக்கு.
புரியாது என்று நினைத்து
மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.
எனக்கு முதல் கோட்டிலேயே புரிந்துவிட்டது.

அதற்கு மேலும் தெரியும்.
அண்ணன் ஒரு ராத்திரி இந்திராணியை அடித்தான்.
அவள் இங்கே வந்து இறங்கினாள்.
விடிந்ததும் என்னை அங்கே பஸ் ஏற்றினார்கள்.
நான் யாரை அடித்தேன்?
அவள் கன்னம் வற்றித் திரும்பிப் போக
நாலு மாசம் ஆனது.
அன்றைக்குத்தான் எனக்கும் திரும்பி வர டிக்கெட்.

அதனால் கேட்டேன்:
"அந்தம்மாவுக்கு ஒத்துக்கலைன்னா
இவருக்கு வச்சதைத் திருப்பிக் கேப்பாங்களா?"
அவள் சிரிக்கவில்லை. பேனாவை மூடினாள்.
"கேக்க முடியாதும்மா.
ஒரே நேரத்துல ஆபரேஷன் வைக்கிறதே
யாரும் நடுவுல எழுந்து போயிடக் கூடாதுன்னுதான்."

கமிட்டியில் ஐந்து பேர், ஒரு கேமரா.
பணம் கைமாறிச்சா?
தக்காளி கிலோ நாலு ரூபாய்க்குப் போன மாசம் அது.
கல்யாண போட்டோ இருக்கா?
இருந்தது.
அதில் இரண்டு மாப்பிள்ளை, இரண்டு பெண்.
உங்க ஆள் யாரு, விரல் வச்சுக் காட்டுங்க என்றார்கள்.
வைத்தேன்.

கெம்பம்மாவை ஒரே ஒரு தடவை பார்த்தேன், ஸ்ட்ரெச்சரில்.
மூக்குத்தி கழற்றிய துளையில்
தூர்ந்துவிடாமல் ஒரு துண்டுத் துடைப்பக்குச்சி.
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.
சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது, அவளுடையதா என்னுடையதா.

இவருக்கு அன்று சாயங்காலமே பை நிறைந்தது.
நர்ஸ் தூக்கிக் காட்டினாள், வெளிர் மஞ்சள்.
எட்டில் இருந்த கிரியாட்டினின்
பத்தாம் நாள் ஒன்று புள்ளி இரண்டு.
கெம்பம்மாவுக்கு இறங்கவில்லை.
என்னுடையது அங்கே போய்
புகுந்த வீட்டில் சோறு தொடாத மருமகள் மாதிரி
முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது.

ஊருக்கு வந்த பிறகு திம்மராயப்பா போன் செய்வார்.
கன்னடம் பாதி, தமிழ் பாதி.
"நிம்ம யஜமானருக்கு எவ்வளோம்மா?"
ஒன்று புள்ளி இரண்டு நாக்கு வரை வந்தது.
"ரெண்டரைங்க" என்றேன்.
அடுத்த வாரம் ரெண்டே கால்.
அதற்கடுத்த வாரம், மனசு வராமல், ரெண்டு.
இல்லாத ஒன்றை
கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்காவுக்கு?"
"மூணு. இறங்குது, இறங்குது. சென்னாகிதாளெ."

அவர் குரலுக்குப் பின்னால் ஒரு மெஷின் ஓடியது.
நடுவில் மூன்று தடவை கீச்சிட்டு
மறுபடி ஓடியது.
இரண்டு வருஷம் அதன் பக்கத்தில்
ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

"நல்லதுங்கண்ணா" என்றேன்.

அந்நேரம் பார்த்து இவர் வெயிலிலிருந்து வந்து
குடத்தில் சொம்பை முக்கி
அண்ணாந்து
கடகடவென்று குடிக்க ஆரம்பித்தார்.

போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.