நடு முதுகு

பேருந்து நிலையத்துப் பின்சுவர்.
பன்னிரண்டு வரிசை, பதினெட்டுக் கட்டம்,
இருநூற்றுப் பதினாறு டைல்.
ஒன்றுகூட இன்னொன்றின் அளவில் இல்லை.

சூளையில் சில வளைந்துவிட்டன,
சில அரை நூல் சுருங்கிவிட்டன.
நான் கழிவறைக்காரன்.
தாமான் வீடுகளில் வெள்ளைக்குப் பக்கத்தில் வெள்ளை வைத்து
நீர்மட்டம் பார்த்தே பழகிய கை.
உடும்புக்கு எது நேர்க்கோடு?

சங்கச் செயலாளர் புவனாம்பிகை
பட்டியலோடு வெயிலில் நிற்கிறார்.
"இருவாச்சி மேலே. நீர்நாய் கீழே, கால்வாய்ப் பக்கம்.
எலியை எங்கேயாவது ஓரமா வைங்க."

எலி வரைந்தது குலை வெட்டும் தனசீலன்.
எலி இல்லாத செம்பனையில் ஆந்தைக்கு என்ன வேலை என்று
மூன்று கூட்டத்தில் வாதாடி ஜெயித்தவர்.
ஆந்தையின் நகத்துக்கு நேர் கீழே ஒட்டினேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மக்சிக் ரொஸ்னாவின் மீன்கொத்தி
நீலமாகப் போய்ப் பச்சையாகத் திரும்பியிருந்தது.
ஆ சூன் கடைப் பிள்ளைகளின் தவளைகள்
ஒரு சிவப்பு வாளி நிறைய.

தாபிர்தான் தொல்லை.
ஒரு விலங்கு, ஒன்பது டைல், ஒன்பது வீடு.
மூக்கு லயத்து முனை வீட்டில் வரைந்தது.
முன்கால்கள் கிராணி வீட்டுப் பெண்கள்.
பின்கால்கள் ஹாஸ்டலிலிருந்து, ரஃபிகுல்.
அவன் ஒருவன்தான் தாபிரைப் பார்த்தவன்:
நடு இரவில், எட்டாம் கட்டை வளைவில்,
லோரி அடித்துப் போட்ட பிறகு.

அதனால் அவன் கால்கள் மடங்கிக் கிடந்தன.
முன்னது நடக்கிறது, பின்னது படுத்திருக்கிறது.
புவனாம்பிகை வெகுநேரம் பார்த்தார்.
பட்டியலை மடித்தார்.
"அப்படியே ஒட்டுங்கண்ணே."

ஐந்து மணி. பசை இறுகுகிறது.
பெட்டியில் கைவிட்டால் நடு டைல் இல்லை.
சூளையிலேயே வெடித்ததாம்,
சொல்ல மறந்தார்களாம்.
காலை ஒன்பதுக்கு ஒய்பி வந்து துணி விலக்க வேண்டும்.

லோரிக்குப் போனேன்.
கிரேஸ் டீச்சர் குளியலறைக்கு வாங்கியதில்
மிஞ்சிய வெள்ளை நாலு கிடந்தது.
ஒன்றை எடுத்து ஓரம் நறுக்கி,
முழங்கையால் துடைத்து வைத்தேன்.
ரப்பர் சுத்தியால் மூன்று தட்டு.

தாபிருக்கு முதுகு வெள்ளைதானே.

ஒய்பி அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்தார்.
லீவு கிடைக்காத ரஃபிகுல் சாயங்காலம் வந்தான்.
தன் கால்களை விட்டுவிட்டு
வெள்ளையில் உள்ளங்கை வைத்தான்.
எந்த வீட்டில் வரைந்தது என்று மலாயில் கேட்டான்.
பீலே ஆயேர், என்றேன்.
சிரிக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

இப்போது ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்
சாய்வது அங்கேதான்.
மற்ற இடமெல்லாம் மேடும் பள்ளமும், தோள் குத்தும்.
தேங்காயெண்ணெய்த் தலைகள்
வட்டம் வட்டமாய்ப் பதிந்திருக்கும்.
அவ்வழி போனால் துணி நனைத்துத் துடைக்கிறேன்.
இடுக்குச் சிமெண்டு மட்டும் இடப்பக்கம் கொஞ்சம் கருத்துவிட்டது.
மழை விட்டதும் பார்க்க வேண்டும்.