ஞாயிறு மூன்று மணிப் படம்

வியாசர்பாடி, ஹவுசிங் போர்டு, இரண்டாம் மாடி.
டிவியில் ஒரு டீச்சர்,
மழையில் ஓடியும் மடிப்புக் கலையாத பருத்திப் புடவை.
கண்ணும் தெரியாமல் காதும் கேளாமல் ஒரு சிறுமி.
இரண்டும் நன்றாக இருக்கிற சிறுமி,
வசனம் முடியும்வரை காத்திருந்து தடுமாறுகிறாள்.

தபித்தாவின் இடது உள்ளங்கையில்
நான் படத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
கதவு. மழை. டீச்சர் அழுகிறாள்.
எதுக்கு?
என் மணிக்கட்டில் இரண்டு தட்டு.
மறுபடி அழுகிறாள். மறுபடி எதுக்கு.
வயலின் வாசிக்கிறாங்க, அதான், என்று எழுதுகிறேன்.

எங்கள் முதல் சொல்லுக்கு வயலின் இல்லை.
அம்மா, சோறு, அம்மா, சோறு என்று
பதினாலு மாதம் அந்தக் கையில் எழுதி,
முன்கையில் அவள் பல் பதிந்து ஆறி,
ஒரு செவ்வாய்க்கிழமை
தலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது
சீப்பைப் பிடுங்கி எறிந்தாள்.
என் விரல்களைப் பிரித்து
ஒவ்வோர் எழுத்தாக அழுத்திச் சொன்னாள்:
போதும்.

அம்மான்னு சொல்றா,
என்றேன் அவள் அம்மாவிடம்.
அன்று சாயங்காலம் மாடி முழுக்கக் கேசரி.
ஆறு வருஷமாகிறது.
அந்த முந்திரி இன்னும் இறங்கவில்லை எனக்கு.

விளம்பரம். அப்பளம் பொரிகிறது.
தபித்தாவுக்கு இதுவரை பிடித்த காட்சி இதுதான்.

பிறகு டீச்சரும் சிறுமியும்
மெரினா மணலில் கைகோத்து நடக்கிறார்கள்.
அலைக்குப் பத்தடி இருக்கும்போது
கரண்ட் போய்விட்டது.
கறுத்த திரையில் நான் மட்டும்.
அவள் கை விரிந்தபடியே இருக்கிறது.

எழுதினேன்:
அலை. கால் நனையுது.
பொண்ணு சிரிக்கிறா.
டீச்சரோட ஒரு செருப்பைக் கடல் இழுத்துட்டுப் போகுது.

தபித்தா சிரித்தாள். குலுங்கிக் குலுங்கி.
அப்புறம் என் கையைத் திருப்பி,
நிதானமாக:
ஃபேன் நின்னு எவ்ளோ நேரமாச்சு?

வியர்த்திருந்தது என் உள்ளங்கை.
துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு
அதிலேயே எழுதினாள்:
செருப்பு கெடச்சுதா?

சமையற்கட்டு வாசலில்
முறத்தால் விசிறிக்கொண்டு அவள் அம்மா.
என்ன சொல்றா?

செருப்பைக் கேக்கறா,
என்றேன்.
எந்தச் செருப்பு, என்றார்.
உட்காருங்க, என்றேன்,
கொஞ்சம் சொல்லணும்.